ஐந்தாம் தளத்தில் டவர் கிடைக்கும்

அந்தத் தெருவில் அக்காவைப் பெரியகை என்பார்கள், தங்கையைச் சின்னக்கை என்பார்கள். இருவருக்கும் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. அதனால் பேச்சும் வரவில்லை. ஆனாலும் அவர்கள் பேசிக்கொண்டதில் கால்வாசிகூட அந்தத் தெருவில் வாயுள்ளவர்கள் பேசியிருக்க மாட்டார்கள். ஒருத்தி மூன்றாவது மாடி ஜன்னலிலும் இன்னொருத்தி சாலைக்கு அந்தப் பக்கம் பஸ் நிறுத்தத்திலும் நின்றபடி, நடுவில் லாரியும் வேனும் ஹாரன் அடித்துக்கொண்டு போக, சாவகாசமாகக் குடும்பக் கதை பேசுவார்கள். கதை ருசியான இடத்துக்கு வரும்போது ஒரு பஸ் குறுக்கே வந்து நின்றால்தான் இருவருக்கும் கோபம் வரும். தெருவுக்குப் புதிதாக வந்த வீட்டுத் தரகர் ஒருவர், "இங்க பெரிய கை யாருங்க?" என்று விசாரித்தாராம். அக்கா வீட்டைக் காட்டி அனுப்பிவிட்டார்கள். அவரும் அரைமணி நேரம் உட்கார்ந்து வியாபாரம் பேசிவிட்டு, இவ்வளவு பொறுமையாகக் கேட்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

இது சின்னக்கையின் கதை.

அவர்களுடைய பாஷை அவர்களே உண்டாக்கியது. காது கேளாதவர்களுக்கான பள்ளிக்கூடம் பக்கத்தில் எங்கும் இல்லை. சாதாரணப் பள்ளியில் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அக்கா இரண்டு வருஷத்தில் நின்றுவிட்டாள். அவளுக்கு எழுத்தே வரவில்லை. தங்கை முட்டி மோதி எட்டாவது வரை போனாள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். மற்றதெல்லாம் கையால் வந்தது. அப்பா தச்சர். காதுமேல் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருப்பார். அதனால் காதோரம் விரலைச் செருகினால் அப்பா. ஈரக்கையை இடுப்பில் துடைத்தால் அம்மா. நெற்றியில் புறங்கையை வைத்தால் காய்ச்சல். நெற்றியில் ஒரு விரலால் கோடு இழுத்தால் தலையெழுத்து. இப்படி ஆயிரம் ஆயிரத்தைந்நூறு சொல் இருக்கும். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தப் பாஷையை முழுதாக அறிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். சின்னக்கையின் கணவர் பஸ் டெப்போவில் டயர் மாட்டுகிறவர். பத்தொன்பது வருஷக் குடித்தனத்தில் சாப்பாடு, சண்டை, சமாதானம் மூன்றுக்கும் வேண்டிய அளவு கற்றுக்கொண்டிருந்தார். அதற்குமேல் அவருக்குக் கை வளையவில்லை.

சகோதரிகள் கையால் பேசியதை நான் வாயால் பேசியதுபோலவே எழுதுகிறேன். வேறு வழி தெரியவில்லை.

இருவருக்கும் வேலை ஒரே இடத்தில், பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைப் பிரிவில். கட்டடத்தின் அடித்தளம் அது, ஜன்னல் கிடையாது. ஆள் உயர மெஷின்களிலிருந்து ஈரப் போர்வைகள் வந்து விழும். நீராவி ரோலரில் ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் அப்பளம்போல் மொடமொடவென்று வரும். அதை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, நடுவில் சந்தித்து, மறுபடி பின்னால் போய், மறுபடி சந்திக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு போர்வைக்குக் குறையாது. கை இரண்டும் வேலையில் இருக்கும். ஆனாலும் பேச்சு நிற்காது. புருவம், உதடு, தோள் எல்லாம் பேசும். மெஷின் இரைச்சலில் மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்க, இவர்கள் இருவரும் போர்வைக்கு இரண்டு பக்கமும் நின்று சிரித்துக்கொண்டிருப்பார்கள். பதினாறு வருஷம் அப்படி மடித்தார்கள்.

அக்காவின் கணவர் சீக்கிரமே இறந்துபோனார். ஒரே மகன். அவனைச் சின்னக்கையும் பாதி வளர்த்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அவன் படித்து, விமானத்தில் பதினோரு மணிநேரம் போக வேண்டிய தூரத்தில் வேலைக்குப் போனான். இரண்டு வருஷம் கழித்து அம்மாவைக் கூப்பிட்டான்.

"நான் போகல. அங்க போய் யார்கூடப் பேசறது?" என்றாள் அக்கா.

"போக்கா. பிள்ளை தனியா வெந்ததும் வேகாததுமா தின்னுட்டுக் கிடக்கான்."

"நீ?"

"எனக்கென்ன? எனக்கு வீட்டுக்காரர் இருக்காரு, முந்நூறு போர்வை இருக்கு."

அனுப்பிவைத்தவளும் அவள்தான், பெட்டி கட்டியவளும் அவள்தான். விமான நிலையத்தின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் போன பிறகும் அக்கா வரிசையில் நின்றபடி, மாத்திரை எந்தப் பையில் இருக்கிறது, வீட்டுச் சாவியை யாரிடம் கொடுப்பது என்று பேசிக்கொண்டே போனாள். மற்றவர்களெல்லாம் கண்ணாடியைத் தட்டி அழுதுகொண்டிருந்தார்கள். இவர்கள் இருவருக்கும் மட்டும் கண்ணாடி ஒரு தடையாக இல்லை.

மறுநாளிலிருந்து போர்வைக்கு எதிர்ப்பக்கம் வேறொரு பெண் வந்து நின்றாள். நல்லவள். ஆனால் வாயாடி. சின்னக்கைக்குக் காது கேட்காது என்பதை ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை மறந்துவிடுவாள். காலையில் பிடித்த கதையைச் சாயங்காலம் வரைக்கும் சொல்லுவாள். சின்னக்கை அந்த வாயைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டிருப்பாள். வீட்டுக்கு வந்தால் சாப்பாடு, சண்டை, சமாதானம். ஒரு மாதம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது: ஒரு முழு வாரமாக அவள் யாரிடமும் ஒரு முழு வாக்கியம் பேசியிருக்கவில்லை.

கணவர் கவனித்திருக்கிறார். ஒரு நாள் டெப்போவிலிருந்து வரும்போது பெரிய தொடுதிரை போன் ஒன்றை வாங்கிவந்து அவள் மடியில் வைத்தார். அதுவரை அவளிடம் இருந்தது பட்டன் போன். அதிகாலையில் தலையணைக்கு அடியில் அதிர்ந்து எழுப்பிவிடுவதற்குத்தான் உதவியது. பழைய சிம்மைப் புதிய போனுக்கு மாற்றி, அக்கா மகனிடம் கேட்டுக் கேட்டு வீடியோ காலுக்கு வழிபண்ணினார்கள்.

முதல் அழைப்பு வந்தபோது அவள் தலைவாரி, பவுடர் போட்டு, விளக்குக்கு நேராக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்திருந்தாள், இரண்டு கையும் வேண்டுமே. திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு அக்கா வந்தாள், சதுரம் சதுரமாக. கை இருந்த இடத்தில் ஒரு பழுப்புப் புகை. அந்தப் புகை அசைந்தது, நின்றது, தாவியது. ஒரு சொல் தெரிந்தால் ஐந்து சொல் தெரியவில்லை. வாயால் பேசுகிறவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வரும். "கேக்குதா, கேக்குதா" என்றாவது கத்திக்கொள்ளலாம். இவளுக்குப் படம் நின்றால் பேச்சே நின்றது.

கடைசியில் ஒரேயடியாக உறைந்துபோனது. விரல்களை விரித்த உள்ளங்கை நெற்றிக்குப் பக்கத்தில் நிற்க, வாய் பாதி திறந்திருக்க, அக்கா அப்படியே நின்றுவிட்டாள். பிறகு திரை கறுத்தது.

அந்தக் கைக்கு என்ன அர்த்தம்?

காய்ச்சல் என்றால் புறங்கை வர வேண்டும். இது உள்ளங்கை. தலையெழுத்து என்றால் ஒரு விரல். இதில் ஐந்தும் விரிந்திருந்தன. தலைவலியா, தலைசுற்றலா, தலையில் அடிபட்டதா? சின்னக்கை கணவர் முன்னால் நின்று அதே மாதிரி கையை வைத்துக் காட்டினாள்.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். "சலாம் போட்டிருப்பாங்க" என்றார், கையாலும் வாயாலுமாக.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அது சண்டைப் பட்டியலில் உள்ள சைகை; அவருக்குப் புரிந்தது.

அக்கா மகனுக்கு எழுத்துக் கூட்டிச் செய்தி அனுப்பினாள். பதில் வந்தது: 'அம்மா சூப்பரா இருக்காங்க சித்தி. வேலைல இருக்கேன். அப்புறம் பேசறேன்.' சூப்பர் என்ற சொல்லை அவள் நாலுமுறை படித்தாள். அதில் அக்கா எங்குமே இல்லை.

கணவர் சிம் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். ஒன்றை அழுத்து, மூன்றை அழுத்து என்று சுற்றவிட்ட பிறகு பதிவுசெய்த குரல் ஒன்று, உங்கள் குறையை உங்கள் சொந்தக் குரலில் தெளிவாகச் சொல்லவும் என்றது. அவர் மனைவியைப் பார்த்தார். "அது ஒண்ணுதாங்க எங்க வீட்டுல இல்ல" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் அவள் தானே போன் கடைக்குப் போனாள். கவுண்டரில் இருந்த பெண் சுறுசுறுப்பானவள். சின்னக்கை நீட்டிய சீட்டைப் படித்துவிட்டு, போனைப் பிரித்து சிம்மை வெளியே எடுத்ததும் சிரித்துவிட்டாள். பிறகு ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதினாள்: 'போன் குமரி. சிம் கிழவி. அதான் ஓட மாட்டேங்குது.' புது சிம் போட்டாள். ஏதேதோ அமைப்புக்குள் போய் மாற்றினாள். விமானப் படம் உள்ள பொத்தானை அமுக்கி, பத்து எண்ணி, மறுபடி அமுக்கக் கற்றுக்கொடுத்தாள். முதுகில் போட்டிருந்த தகர உறையைக் கழற்றச் சொன்னாள். கடைசியில் முகவரியைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். 'உங்க வீடு பள்ளத்துல இருக்கு. சுத்தியும் பெரிய பில்டிங். உள்ளே டவர் வராது. வெளியே எங்கயாவது உயரமா போங்க அக்கா.'

அன்று முதல் அவளுக்கு ஊரே வேறு மாதிரித் தெரிந்தது. எங்கே போனாலும் போனின் மூலையில் இருக்கும் அந்தக் குட்டிக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே போனாள். வீட்டுக்குள் ஒரு கோடு. தெருமுனையில் இரண்டு. பஸ் நிறுத்தத்தில் மூன்று. ஆனால் அங்கே போனைச் சாய்த்துவைக்க இடமில்லை. சலவைப் பிரிவில் கோடே இல்லை, குறுக்கே ஒரு பெருக்கல் குறிதான். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும், போன் நிற்க ஒரு திட்டு வேண்டும், கை வீச இடம் வேண்டும், நாலு கோடு வேண்டும். இந்த நாலும் சேர்ந்த இடம் ஒன்றுகூட அகப்படவில்லை.

ஆஸ்பத்திரியை ஒட்டி வண்டி நிறுத்தும் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் முடிந்து அவள் அதன் சரிவுப் பாதையில் ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று பார்த்தாள். ஒன்று. ஒன்று. இரண்டு. இரண்டு. ஐந்தாவதற்கு வந்ததும் தலைக்குமேல் கூரை இல்லை, வானம். எதிர்க் கட்டடத்தின் உச்சியில் நேருக்கு நேராகச் செல்போன் டவர் நின்றது. போனைப் பார்த்தாள். நாலு கோடும் நிறைந்திருந்தன.

இடுப்பு உயரக் கைப்பிடிச் சுவரில் சாப்பாட்டு டப்பாவை வைத்து, அதில் போனைச் சாய்த்து, அழைத்தாள். அங்கே அப்போது மதியம். அக்கா வந்தாள். முழுதாக வந்தாள். கன்னத்து மச்சம், மூக்குக் கண்ணாடியின் கால் உடைந்து நூல் சுற்றியிருந்தது, எல்லாம் தெரிந்தது. இரண்டு மாதப் பேச்சு ஒரேயடியாகக் கைக்கு வந்தது. இருவரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சின்னக்கை குதிகாலில் எம்பி எம்பிப் பேசினாள்.

திடீரென்று அக்கா அவளுக்குப் பின்னால் பார்த்துப் பதறினாள். "அடியே, திரும்பு! எவனோ ஓடி வரான்!"

சின்னக்கை திரும்பினாள். கீழே வாசலில் டோக்கன் கொடுக்கிற ஆள், தொப்பி ஒரு கையில், மூச்சு வாங்க ஓடி வந்துகொண்டிருந்தார். சாலையிலிருந்து யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள்: மொட்டைமாடிச் சுவரோரம் ஒரு பொம்பளை கையை வீசிக்கொண்டு நிற்கிறாள்.

"வேண்டாம்மா! இந்தப் பக்கம் வந்துடுங்கம்மா! எதா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்மா!"

அவளுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. ஆனால் முகம் புரிந்தது. போனை எடுத்து அவர் பக்கம் திருப்பினாள். திரையில் இன்னொரு பெண் அவரைப் பார்த்து இரண்டு கையாலும் அதட்டிக்கொண்டிருந்தாள். அவர் திகைத்தார். சின்னக்கை பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எழுதிக் காட்டினாள்: 'அக்கா. பேசுறோம்.'

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என் உயிரே போயிடுச்சு" என்றார். பிறகு எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு, "பேசுங்க, பேசுங்க" என்று கையைக் காட்டினார். போகிறபோது ஓர் ஆரஞ்சுக் கூம்பை இழுத்துவந்து, அங்கே வண்டி வராதபடி வைத்துவிட்டுப் போனார்.

சிரித்து முடித்த பிறகுதான் சின்னக்கை கேட்டாள். "அக்கா, அன்னிக்கு நெத்தியில கை வெச்சே. உடம்புக்கு என்ன? மறைக்காம சொல்லு."

"என்னிக்கு?"

அவள் செய்து காட்டினாள். விரித்த உள்ளங்கை, நெற்றிக்குப் பக்கத்தில்.

அக்கா கண்ணைச் சுருக்கினாள். பிறகு ஞாபகம் வந்து சிரித்தாள். அதே கையை விரித்து, கட்டைவிரலால் நெற்றியை இரண்டுமுறை தட்டினாள். நாலு கோடு டவரில், பட்டப்பகல் வெளிச்சத்தில், நகக்கண் வரை தெளிவாகத் தெரிந்தது. சின்னக்கைக்குப் புரியவில்லை.

"என்ன அது?"

"அப்பாதான்டி. அப்பா கனவுல வந்தாருன்னு சொன்னேன்."

"அப்பாவா?" சின்னக்கை காதோரம் விரலைச் செருகினாள். "இதுதானே அப்பா?"

அக்காவின் முகம் மாறியது. வீட்டுக்குப் பக்கத்தில் காது கேளாதவர்களின் சங்கம் ஒன்று இருக்கிறது, வாரத்தில் மூன்று நாள் போகிறேன் என்றாள். நாற்பது பேர் வருகிறார்கள், எல்லோரும் கையால்தான் பேசுகிறார்கள், அங்கே அப்பாவுக்கு இதுதான் சொல். "பழக்கத்துல கை தானா போயிடுச்சுடி" என்றாள். "இங்க ஒருத்தி இருக்கா, உன்னை மாதிரியே சிரிப்பா. இன்னொருத்தர் கிழவர், பேச ஆரம்பிச்சா பஸ்ஸையே விட்டுடுவாரு."

சின்னக்கை தலையாட்டினாள். நல்லது என்றாள். சந்தோஷம் என்றாள். எல்லாம் உண்மைதான். யார்கூடப் பேசுவது என்று கேட்டுக்கொண்டு போனவளுக்கு நாற்பது பேர் கிடைத்திருக்கிறார்கள். சரிவுப் பாதையில் இறங்கும்போது அவள் வழியெல்லாம் காதோரம் விரலைச் செருகிச் செருகிப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். அதைப் புரிந்துகொள்ள இந்த ஊரில் ஒருவரும் இல்லை. அங்கேயும் இனி அது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டுதான் போகும்.

அடுத்த ஞாயிறு அவள் போகவில்லை. அக்கா மகனுக்கு 'டவர் இல்லை' என்று செய்தி அனுப்பினாள். அதற்கடுத்த ஞாயிறும் அதையே அனுப்பினாள். உலகத்தில் எல்லோரும் சொல்கிற பொய்தான். கணவர் கேட்டபோது போனைக் காட்டி உதட்டைப் பிதுக்கினாள். அவர் போனை வாங்கி விமானப் பொத்தானை அமுக்கிப் பத்து எண்ணினார். பாவமாக இருந்தது.

மூன்றாம் வாரம் அக்காவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. அழைப்பு இல்லை, எடுத்து அனுப்பியது. வீட்டின் ஒற்றைக் கோட்டில் அது இறங்கத் தொடங்கியது. சாயங்காலம் கால்வாசி. சமைத்து முடித்தபோது பாதி. காலையில் வேலைக்குக் கிளம்புகிற நேரத்தில் முழுதாக வந்துசேர்ந்தது. அவள் செருப்பு மாட்டிய காலோடு உட்கார்ந்து பார்த்தாள்.

ஆறு நிமிஷம். அக்கா சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து பேசினாள். ஒரு சொல்கூடப் புதுப் பாஷையில் இல்லை. முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய், மகன் துவைக்கப் போட்ட சட்டையில் இருந்த சாவி, அந்த ஊர்க் குளிரில் விரல் மரத்துப்போய்ப் பேச்சுக் குழறுவது எல்லாம் அவர்களுடைய பழைய சொற்களில். அப்பா வந்த கனவையும் சொன்னாள். கனவில் அவர் ஒரு கதவுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாராம். பென்சிலைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடினாராம். காதில்தான் இருக்கிறது என்று அக்கா எவ்வளவு காட்டியும் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லையாம்.

கடைசியில் அக்கா காமிராவுக்குக் கிட்டே வந்து விரலை ஆட்டினாள். "டவர் இல்லைன்னு யார்கிட்ட சொல்றே? உன் மூஞ்சி போன போக்கை நான் பாக்கலையா? ஞாயித்துக்கிழமை மாடிக்கு வா. வரலைன்னா நானும் அப்பா மாதிரி உன் கனவுலதான் வரணும்."

அன்று அவள் வேலைக்கு இருபது நிமிஷம் தாமதமாகப் போனாள். சூப்பர்வைசர் கடிகாரத்தைக் காட்டினார். அவள் தலையாட்டிவிட்டுப் போர்வையின் முனையைப் பிடித்தாள். வாயாடி ஏதோ கேட்டாள். சின்னக்கை அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முதல்முறையாகக் கையால் பதில் சொன்னாள். அவளுக்குப் புரியவில்லை, ஆனால் சிரித்தாள்.

அதற்குப் பிறகு சின்னக்கை ஒரு ஞாயிறும் தவறவிடவில்லை. வாரத்துக்கு ஐந்து புதுச் சொல் என்று அக்கா கற்றுக்கொடுத்தாள். கற்றுக்கொண்டாள், கொஞ்சம் வேண்டாவெறுப்பாக. அப்பாவுக்கு மட்டும் மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். டோக்கன்காரர் ஞாயிறு தவறாமல் கூம்பை வைத்துவிடுவார். சில நாள் திரையில் தெரிகிற அக்காவுக்கு ஒரு வணக்கமும் வைப்பார்.

மழைக்காலம் வந்தபோது ஐந்தாம் தளத்தில் நிற்க முடியவில்லை. குடை பிடித்தால் ஒரு கை போய்விடும்; பாதிப் பேச்சுத்தான் பேசலாம். ஒரு ஞாயிறு மழை விடுகிற மாதிரியே தெரியவில்லை. அவள் நாலாம் தளத்திலேயே, கூரைக்கு அடியில், ஒரு தூணோரம் போனைச் சாய்த்துவைத்து உட்கார்ந்தாள். இரண்டு கோடு. சில நேரம் ஒன்று. அக்கா சதுரம் சதுரமாக வந்தாள்.

"தெரியுதா?" என்று சின்னக்கை கேட்டாள். கையை அசைத்ததும் அங்கே அவள் புகையாகியிருப்பாள். அக்கா பதில் சொன்னாள், புகைதான் அசைந்தது.

இரண்டுமூன்று தடவை முயன்றுவிட்டு அவள் சலித்துப்போய்க் கையை மடியில் போட்டாள். அந்தப் பக்கம் அக்காவும் போட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் திரையில் சதுரங்கள் ஒவ்வொன்றாகக் கரைந்தன. முதலில் நெற்றி வந்தது. பிறகு கண்ணாடி, மச்சம், உதடு. கை அசையாதவரை படம் தெளிவாக நின்றது. சின்னக்கை ஏதோ சொல்லக் கையைத் தூக்கினாள். அக்காவும் பதிலுக்குத் தூக்கினாள், உடனே முகம் கலைந்துபோயிற்று. இருவரும் மெதுவாகக் கையை இறக்கினார்கள். முகம் திரும்பி வந்தது.

பிறகு இருவரும் பேசவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. நனைந்த வண்டிகள் விளக்கோடு சரிவில் ஏறி, அவளைத் தாண்டிப் போயின. இருவரும் மடியில் கையை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு முன்நெற்றியில் நரை கூடியிருந்தது, கண்ணாடி புதிது. ஒருமுறை அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். அதற்குள் படம் கலைந்து, நேரம் எடுத்துக்கொண்டு, மறுபடி சேர்ந்தது. சின்னக்கை காத்திருந்தாள்.